திண்டிவனம் ரயில் நிலையம்

திண்டிவனம் ரயில் நிலையம், விழுப்புரம் மாவட்டத்தில் சென்னை எழும்பூர் – விழுப்புரம் பாதையில் உள்ளது. தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. எழும்பூரிலிருந்து சுமார் 120 கி.மீ. தொலைவு. இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கி.மீ.யில் உள்ள செஞ்சிக்கு ரயில் பாதை கிடையாது. சென்னைக்கு ரயிலில் போக நினைக்கும் செஞ்சிக்காரர்கள் முதலில் திண்டிவனம் பஸ் ஏற வேண்டும்.

சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று அது மீட்டர்கேஜ் பாதை. 1960களில் மின்பாதை விழுப்புரம் வரை நீண்டது. பின்னர் தடம் அகலப்பாதையாகி, இரட்டைப்பாதையும் வந்தது. ஆனாலும் புறநகர் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தோடும் செங்கல்பட்டோடும் நின்றுவிடுகின்றன. சில மட்டும் மேல்மருவத்தூர் வரை வருகின்றன. அதற்குத் தெற்கே தொழுப்பேடு, ஒலக்கூர், திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் செல்வோருக்குக் கைகொடுப்பவை மெமு, பாசஞ்சர் ரயில்களே.

அன்றாடம் வேலைக்குப் போவோருக்கு இந்த வேறுபாடு பெரிது. சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரை கிடைக்கும் என்பதால் திண்டிவனத்திலிருந்து எழும்பூருக்கே பாஸ் எடுக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. சூப்பர்பாஸ்ட் ரயில் என்றால் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே எத்தனை எக்ஸ்பிரஸ் இந்த வழியே போனாலும், பாஸ்காரர் பார்ப்பது மெமு எத்தனை மணிக்கு என்பதைத்தான். செஞ்சியிலிருந்து வருபவருக்கு அந்த நேரத்தோடு பஸ் நேரமும் ஒத்துவர வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதிய பாதை, சுமார் 70 கி.மீ. நீளத்தில், 2006–07இல் ஒப்புதல் பெற்றது. அப்போது ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத். இணை அமைச்சர் அரக்கோணம் தொகுதியின் ஆர். வேலு. திண்டிவனத்தைச் செய்யாறு, ஆரணி வழியே நகரியோடு இணைக்கும் பாதைக்கும் அதே காலத்தில்தான் ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுப்பதிலும் நிதி ஒதுக்கீட்டிலும் ஏற்பட்ட தேக்கத்தால் ஆண்டுகள் பல ஓடியும் செஞ்சிக்கு ரயில் வரவில்லை. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை – வேலூர் மெமு திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது நல்ல செய்தி; ஆனால் அது அரக்கோணம், காட்பாடி வழியாகச் சுற்றிச் செல்வதால் செஞ்சிக்குப் பயனில்லை.

பாதை வந்தால் பயன் பயணிகளோடு நிற்காது. நெல்லும் மணிலாவும் பெருமளவில் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் செஞ்சியில் உள்ளது. அங்கிருந்து மூட்டைகள் லாரியில்தான் வெளியூர் போகின்றன. பௌர்ணமி கிரிவலத்துக்கு இந்த வழியே திருவண்ணாமலை செல்லும் கூட்டமும் இதே திண்டிவனம் – செஞ்சி சாலையைத்தான் நம்பியிருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. உலக மரபுச் சின்னம் உள்ள ஓர் ஊருக்கு ரயில் கேட்பதை இனியும் வட்டாரக் கோரிக்கையாகத் தள்ளிவைப்பது நியாயமல்ல.

கோட்டை பார்க்க ரயிலில் வருவோர் திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பஸ்ஸில் ஏறலாம். செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆட்டோ கிடைக்கும். திருவண்ணாமலைச் சாலை கோட்டைப் பகுதியின் ஊடாகவே செல்கிறது: வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி.