உபரித் துப்பாக்கியில் எழுதப்பட்ட வரலாறு

புனேயின் ஜூனா பஜார் புதனும் ஞாயிறும் கூடும் பழம்பொருள் சந்தை. சென்ற மாதம் அங்கே பழைய பூட்டுகளுக்கும் பித்தளைத் தட்டுகளுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பி கிடந்தது. அத்தர்க் குப்பி என்றார் விற்பவர். அது லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்கட்டைக்குள், குழலைத் துடைக்கும் கயிற்றோடு சேர்த்து வைக்கப்படும் எண்ணெய்க் குப்பி. அருகில் ஒரு கித்தான் தண்ணீர்ப் பையும் இருந்தது. ஆங்கிலேயப் படையினர் அதனைச் ‘சாகல்’ என்றே அழைத்தனர். ஆட்டைக் குறிக்கும் ‘சாக’ என்னும் வடசொல்லின் வழிவந்த பெயர் அது. ஆட்டுத்தோல் கித்தானாக மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

மேலைநாடுகளில் படைத்துறை உபரித் துப்பாக்கிகளையும் போர்க்காலத் துணைக்கருவிகளையும் சேகரிப்பது வேரூன்றிய ஆர்வம். இந்தியாவில் அது ஏறத்தாழ இயலாத ஒன்று. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் சட்டமும் உரிம முறையைத் தொடர்ந்தது. அதன் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட இயலாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை வாய்ந்த ஆயுதங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. .303 அங்குலக் குழல் படைத்துறைக்குரியதாகையால் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. ஆகவே இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே அமைப்பைக் கொண்டு .315 அங்குலத் துப்பாக்கியைப் பொதுமக்களுக்கெனச் செய்தது. உருவம் ஒன்று, தோட்டா வேறு. படைக்கிடங்கிலிருந்து களவுபோகும் தோட்டா வெளியார் துப்பாக்கியில் பயன்படலாகாது என்பதே நோக்கம்.

இச்சட்டங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. என் அக்கறை வேறு. துப்பாக்கி ஓர் ஆயுதம் மட்டுமன்று, எழுத்துப் பொறித்த ஓர் ஆவணமும் ஆகும். இச்சாப்பூரில் உருவான துப்பாக்கியின் பின்கட்டைக்கு முன்னுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்ததாயின் முடிச்சின்னமும் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளும் இருக்கும். ஈற்றெழுத்து ‘பேரரசர்’ என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்து. குடியரசுக் காலத்ததாயின் அவ்விடத்தில் அசோகரின் சிங்கத்தூணும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகளும் இருக்கும். அதே தொழிற்சாலை, அதே வளையம். ஆட்சிமாற்றம் அங்கே ஓர் அங்குல அகலத்தில் எழுதப்பட்டுள்ளது.

புனேக்கும் இவ்வெழுத்தில் பங்குண்டு. கட்கியில் 1869இல் நிறுவப்பட்ட தோட்டாத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. அங்கே செய்த .303 தோட்டாவின் அடிவட்டத்தில் ‘கே’, ‘எஃப்’ என்ற எழுத்துகளைக் காணலாம். ‘கே’ என்பது கிர்க்கி. கட்கி என்னும் மராத்திப் பெயரை ஆங்கிலேயர் நாவு திரித்த வடிவம் அது. ஊர்ப்பெயர் பின்னர்த் திருத்தம் பெற்றது. பித்தளையில் பொறித்த திரிபோ அத்தோட்டாக்கள் சென்ற நாடுகளிலெல்லாம் அப்படியே தங்கிவிட்டது.

சொற்களும் இவ்வாறே பயணம் செய்தவை. துப்பாக்கி துருக்கிய மூலத்தது. மராத்தியின் ‘பந்தூக்’ அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. அரபியில் அச்சொல் முதலில் ஒரு கொட்டையைக் குறித்து, பின்னர் எறிகுண்டையும் அதை எறியும் கருவியையும் குறித்தது. தமிழிலும் தானியக் குறுநொய்யைக் குறிக்கும் ‘ரவை’ துப்பாக்கிக் குண்டுக்குப் பெயராயிற்று. தொடர்பற்ற இரு மொழிகள் குண்டுக்குப் பெயரிட உணவுப்பொருளையே நாடியுள்ளன.

இந்த ஆவணத்தை இன்று வாசிப்பவர் யார்? இச்சாப்பூர் துப்பாக்கிகள் பெருமளவில் அமெரிக்க உபரிச் சந்தையைச் சென்றடைந்தன. 1960களில் .303க்கு மாற்றாக 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென உருவான ‘2ஏ’ வகையும் அவற்றுள் ஒன்று. அதன் முத்திரைகளையும் ஆண்டுகளையும் மரக்கட்டையை வலுப்படுத்தும் திருகையும் பட்டியலிட்டு வைத்திருப்போர் அந்நாட்டுச் சேகரிப்பாளர்களே. இங்கோ அது காவலர் தோளில் நெடுங்காலம் இருந்தும் ஆய்வுப்பொருளாகவில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாளில்தான் .303க்கு விடைகொடுத்தது. பணியிலிருந்து நீங்கும் துப்பாக்கி அழிக்கப்படும்போது அதன் எழுத்தும் உடன் உருகிப்போகிறது.

கல்வெட்டைப் படியெடுக்கக் கற்றுத்தரும் நம் துறைகள் இரும்பிலும் பித்தளையிலும் உள்ள இருபதாம் நூற்றாண்டு எழுத்தையும் படியெடுக்கலாம். அதற்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தின் இசைவும் ஒரு படக்கருவியும் பொறுமையும் போதும். ‘பழைய துப்பாக்கி’ என்று மட்டும் எழுதிய பெயரட்டையைக் காணும் மாணவர்கள் அதன் வளையத்தில் உள்ள எழுத்துகளைக் குறித்து வாருங்கள். ஆட்சி, ஆண்டு, தொழிற்சாலை ஆகிய மூன்றும் அங்கே இருக்கக்கூடும்.

அந்த எண்ணெய்க் குப்பியை வாங்கினேன். விற்றவரிடம் அது என்னவென்று சொன்னேன். ‘அப்படியானால் விலையைக் கூட்டியிருப்பேனே’ என்றார். வரலாற்றின் மதிப்பை அவர் நொடியில் உணர்ந்துகொண்டார்.