தரமற்ற வீடியோ கேம்களும் கன்சோல்களின் வாழ்வும்

தரமற்ற வீடியோ கேம்கள் கன்சோலுக்கும் அதில் விளையாடுவோருக்கும் கேடு செய்கின்றன என்ற கருத்து, 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது வேரூன்றியது. அக்கருத்துக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன: மோசமான கேம் கன்சோலின் விற்பனையைக் குலைக்குமா, கருவியைப் பழுதாக்குமா, வாங்கியவருக்கு எந்த வகையில் இழப்பு? அமெரிக்கா, ஜப்பான், இந்தியா ஆகிய நாடுகளின் அனுபவத்தைக் கால வரிசையில் ஆராய்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை கிடைக்கிறது.

அடாரியின் சரிவு

அடாரி நிறுவனம் 1977இல் வெளியிட்ட விசிஎஸ் கன்சோலில் பிறர் தயாரிக்கும் கேசட்டுகளைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. அடாரியிலிருந்து விலகிய நிரலாளர்கள் 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன்மீது அடாரி தொடுத்த வழக்கு 1982இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனம் வரை கேசட் தொழிலில் இறங்கிவிட்டது.

அந்த ஆண்டின் இறுதியில் அடாரி வெளியிட்ட 'ஈ.டி.' கேமை அதன் நிரலாளர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் எழுதி முடித்தார். அது விலைபோகாமல் தேங்கியது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் அடாரி தன் சரக்கைப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது 'ஈ.டி.' மட்டுமின்றி, நன்றாக விற்ற 'சென்டிபீட்' போன்ற கேம்களும் வெளிவந்தன. புதைந்தது தரமற்ற சரக்கு மட்டுமல்ல, தேவைக்கு மேல் தயாரித்த சரக்கும்தான்.

சரிவு நடந்த விதமும் இதையே காட்டுகிறது. நொடித்துப்போன சிறு நிறுவனங்களின் கேசட்டுகள் 5 டாலருக்குத் தள்ளிவிடப்பட்டன. அதே கடையில் 35 டாலருக்கு இருந்த நல்ல கேமைத் தொட ஆளில்லை. தயாரித்தவரே மறைந்துவிட்டதால் தேங்கிய சரக்கைத் திருப்பியனுப்பவும் கடைக்காரருக்கு வழியில்லை. கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளின் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. சுமார் 320 கோடி டாலராக இருந்த சந்தை, 1985க்குள் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது.

நின்டெண்டோவின் வாயிற்காவல்

நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றபோது அதில் ஒரு பூட்டுச் சில்லு சேர்க்கப்பட்டது. உரிமம் பெறாத கேசட்டை அது ஏற்காது. உரிமம் பெற்ற நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து கேம்கள் மட்டுமே வெளியிடலாம் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. அட்டைப் பெட்டிமேல் தர முத்திரையும் வந்தது.

அம்முத்திரை உறுதியளித்தது எதை என்பது கவனிக்கத்தக்கது. தஞ்சை வட்டாரத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, கலப்பும் பதரும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சோறு ருசிக்குமா என்று பார்ப்பதில்லை. நின்டெண்டோவின் முத்திரையும் அத்தகையதே. கேசட் இயங்கும், முறையான உரிமம் பெற்றது என்பதற்கு அது சான்று. முத்திரை பெற்ற சலிப்பூட்டும் கேம்களும் ஏராளமாக வந்தன. ஆயினும் வரத்து கட்டுக்குள் இருந்ததால் கன்சோல் வளர்ந்தது.

இந்தியாவின் நகல் கன்சோல்கள்

ஜப்பானிய ஃபேமிகாமில் பூட்டுச் சில்லு இல்லை. அதைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்கள் 1990களில் இந்தியாவுக்கு வந்தன. மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் விற்ற அவற்றின் மூலமே ஒரு தலைமுறைச் சிறுவர்கள் 'மாரியோ', 'கான்ட்ரா' கேம்களை அறிந்தனர். '9999 இன் 1' என்று அச்சிட்ட கேசட்டில் சில கேம்களே இருக்கும். நிறத்தையோ தொடங்கும் கட்டத்தையோ மாற்றி அவையே திரும்பத் திரும்ப வரும்.

அடாரியின் சரிவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட தரக்குறைவு இங்கே அதைவிட மிகுதி. இருந்தும் அந்தக் கன்சோல்கள் விற்றுக்கொண்டே இருந்தன. விலை குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருளும் எளிதில் கிடைக்கவில்லை. இழப்பு வேறிடத்தில் விழுந்தது. கேமை உருவாக்கியவருக்குக் காசு போகாத சந்தையில், உள்நாட்டில் கன்சோல் கேம் எழுதுவதற்கு ஊக்கமே பிறக்கவில்லை.

உள்நாட்டு முயற்சி 2009இல்தான் கடைக்கு வந்தது. ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ், பிளேஸ்டேஷன் 2க்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' கேமை உருவாக்கியது. கபடி, கில்லி தண்டா போன்ற நாட்டு விளையாட்டுகளைக் கொண்ட 'தேசி அடா' அதே ஆண்டில் வந்தது. 'ஹனுமான்' மோசமான விமர்சனங்களையே பெற்றது. தெய்வத்தை விளையாட்டுப் பாத்திரமாக்கியதற்கு எதிர்ப்பும் எழுந்தது. கன்சோலுக்கு அதனால் ஒன்றும் நேரவில்லை. மலிவான, தரம் குறைந்த கேம்கள் எல்லா நாடுகளிலும் குவிந்த பிளேஸ்டேஷன் 2, 15 கோடிக்கும் மேல் விற்று உலகின் முன்னணிக் கன்சோலாயிற்று. இத்தகைய கேம்களுக்குப் பெயர்பெற்ற நின்டெண்டோ வீ கன்சோலும் 10 கோடியைத் தாண்டியது.

கருவிக்கு நேரும் பழுது

சுவையற்ற கேம் கருவியைப் பழுதாக்குவதில்லை. பழுதுக்குக் காரணங்கள் வேறு. கலர் டிரீம்ஸ் போன்ற உரிமமற்ற நிறுவனங்கள் என்இஎஸ் பூட்டுச் சில்லைத் திணறடிக்கக் கேசட்டிலிருந்து முறையற்ற மின்னழுத்தத்தைச் செலுத்தின. இது மின்சுற்றுக்கு ஆபத்தானது. நிரல் பிழை, சேமித்த தரவை அழிக்கக்கூடும். 2004இல் அமெரிக்க இதழ் ஒன்றுடன் வழங்கப்பட்ட பிளேஸ்டேஷன் 2 மாதிரி வட்டு, மெமரி கார்டைத் துடைத்துவிட்டது. 2021இல் 'நியூ வேர்ல்ட்' சோதனைப் பதிப்பை ஓட்டிய கணினிகளில் சில கிராஃபிக்ஸ் கார்டுகள் செயலிழந்தன. அந்தக் கார்டுகளின் பற்றவைப்புக் குறையே காரணம் என்று தயாரிப்பாளர் கண்டறிந்தார். வன்பொருளில் ஏற்கெனவே இருந்த குறையை கேமின் சுமை வெளிக்கொணர்ந்தது.

விளையாடுவோரும் திறந்த கடைகளும்

விளையாடுவோரின் இழப்பு முதன்மையாகப் பணமும் நேரமும்தான். உடல், மனநலக் கேடு தரக்குறைவைச் சார்ந்ததன்று. இணைய விளையாட்டுகள் குறித்த தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டு சட்டமும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடைவிதித்த 2025ஆம் ஆண்டு விதிமுறைகளும் குறிவைத்தவை, ஆடுபவரை விடாமல் பிடித்துவைக்கும்படி திறமையாக உருவாக்கப்பட்ட கேம்களையே.

இன்றைய இணையக் கடைகளில் வாயிற்காவல் தளர்ந்துவிட்டது. ஸ்டீம் தளத்தில் 2017 முதல் 100 டாலர் கட்டணத்தில் எவரும் கேம் வெளியிடலாம். குப்பை பெருகினாலும் 1983 திரும்பவில்லை. சரக்குத் தேக்கம் இல்லை. வாங்கும் முன் பிறர் கருத்தைப் படிக்கலாம். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். 2020இல் பிழைகளோடு வந்த 'சைபர்பங்க் 2077' கேமை சோனி தன் கடையிலிருந்தே சில மாதங்கள் நீக்கி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா', 2023இல் இதே நெரிசலில் வெளிவந்து மறுஆண்டே பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு: தரமற்ற கேம்களின் எண்ணிக்கை தனியாக ஒரு கன்சோலை வீழ்த்துவதில்லை. வாங்குபவர் நல்லதையும் கெட்டதையும் முன்கூட்டிப் பிரித்தறிய முடியாமல், ஏமாந்தபின் ஈடும் கிடைக்காமல், தேங்கிய சரக்கின் சுமை கடைக்காரர்மீதும் விழும்போதே சந்தை சரிகிறது.