சிலந்தி இழையும் ஆயிரம் கெஜமும்

வில்லியம் கேஸ்காயினின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி புகுந்து இழை கட்டிவிட்டது. இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்து ஆள் அவர். 1630களின் கடைசி. சூரியனை வைத்துச் செய்த ஒரு சோதனைக்காகக் குழலைத் திறந்து வைத்திருந்தார். மறுபடி கண்ணை வைத்தபோது தூரத்துக் காட்சியும் அந்த இழையும் ஒரே சமயத்தில், ஒரே கூர்மையில் தெரிந்தன.

கலீலியோ வகைத் தொலைநோக்கியில் இது நடந்திருக்காது. அதன் குழலுக்குள் பிம்பம் எங்கும் விழுவதில்லை. கெப்ளர் சொன்ன வகையில், இரண்டு குவி லென்ஸ்களுக்கு நடுவே பிம்பம் அந்தரத்தில் உருவாகிறது. அந்த இடத்தில் எதை வைத்தாலும், வானத்திலேயே ஒட்டி வைத்த மாதிரி தெரியும். கேஸ்காயின் அங்கே குறுக்குக்கோடு வைத்தார், கோணம் அளக்கிற கருவியோடு தொலைநோக்கியை இணைத்தார். 1644இல் மார்ஸ்டன் மூர் போரில், மன்னர் சார்லஸின் பக்கம் நின்று இறந்தும் போனார். இருபத்து மூன்று வருடம் கழித்து, இதே யோசனைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் உரிமை கோரியபோதுதான், ரிச்சர்ட் டவுன்லி என்பவர் ராயல் சொசைட்டியில் இவரது வேலையை எடுத்து வைத்தார்.

நான் துப்பாக்கி சுடுகிறவன் அல்ல. கருவிகளின் கதைகளைப் படிக்கிறவன். கனடாவில் இருக்கும் நண்பன் ஒருவன் தூர இலக்குப் போட்டிகளில் இறங்கப் போவதாகச் சொல்லி, "டேய், எந்த ஸ்கோப் வாங்கலாம்?" என்று கேட்டான். அவன் அனுப்பிய பட்டியல் முழுக்க உருப்பெருக்கம்தான். இது 25 மடங்கு, அது 50 மடங்கு, இதன் விலை இவ்வளவு. எனக்கு அந்தச் சிலந்திதான் ஞாபகம் வந்தது. ஸ்கோப் பெரிதாகக் காட்டுகிற சாமான் மட்டும் அல்ல, அளக்கிற சாமான்.

இதன் பெரியப்பா முறையில் ஒருவர் நம் ஊருக்கே வந்திருக்கிறார். 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்த தியோடலைட் அரை டன் எடை. தொலைநோக்கி, குறுக்குக்கோடு, பாகையையும் கலையையும் விகலையையும் படிக்க ஒரு பெரிய வட்டம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்தது. மனுஷன் ஆறு வாரம் உட்கார்ந்து தானே சரி செய்தார். இன்று ரைஃபிள் ஸ்கோப்பில் எண்ணுகிற எம்.ஓ.ஏ என்பதும் அதே கலைதான். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு கெஜத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலம். மில் என்ற இன்னோர் அளவு மீட்டர்காரர்களுக்கு வசதி: நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர்.

துப்பாக்கிமேல் இந்தக் குழல் ஒழுங்காக உட்கார்ந்தது அமெரிக்காவில். நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில் 1855 வாக்கில் வில்லியம் மால்கம் ஸ்கோப் செய்யத் தொடங்கினார். நிறம் பிரியாத லென்ஸ், மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்த வசதி, கிட்டத்தட்டத் துப்பாக்கிக் குழல் அளவுக்கே நீளம். இலக்குப் பலகைக்காகச் செய்தது. ஆறே வருடத்தில் உள்நாட்டுப் போர் வந்தது.

ஹைரம் பெர்டன் குறிபார்ப்பவர்களின் படை திரட்டியபோது வைத்த தேர்வு, 200 கெஜத்தில் பத்துக் குண்டுகள், நடுப்புள்ளியிலிருந்து சராசரி 5 அங்குலத்துக்குள். சிலர் போட்டிக்கு வைத்திருந்த கனத்த துப்பாக்கிகளை ஸ்கோப்போடு கொண்டு வந்தார்கள். 1862 ஏப்ரலில் யார்க்டவுன் முற்றுகையின்போது, ஒரு பீச் தோப்பில் அப்படி ஒரு துப்பாக்கி வழியாகப் பார்த்தவர் வின்ஸ்லோ ஹோமர். ஹார்ப்பர்ஸ் வீக்லிக்குப் படம் வரைய வந்திருந்த இளைஞர். மரத்தில் அமர்ந்து குறி பார்க்கும் வீரனை அவர் வரைந்த படம் அந்த நவம்பரில் வெளியானது, அடுத்த வருடம் அதையே எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார். அந்த ஓவியத்தில் வீரன் யாரைக் குறி பார்க்கிறான் என்பது தெரியாது. 1896இல் ஒரு கடிதத்தில்தான் அதைச் சொன்னார். குறுக்குக்கோட்டுக்குள் நிற்கும் ஒரு மனிதனைச் சின்னதாக வரைந்து காட்டி, ராணுவத்தில் தான் கண்டவற்றில் கொலைக்கு இவ்வளவு நெருக்கமாக வேறெதுவும் இல்லை என்று எழுதினார். முப்பத்து நாலு வருடம் அந்த வட்டம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஸ்கோப் பற்றிப் பேசும்போது இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் விளையாட்டுக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு, அது கொஞ்சம் வேடிக்கையானது. 1874இல் நியூயார்க்கின் கிரீட்மூரில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1000 கெஜத்தில் மோதின. ஸ்கோப் கிடையாது, வெறும் உலோகக் குறிதான். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஐரிஷ்காரர் ஒருவரின் குண்டு நட்டநடுவில் போய்த் தைத்தது, ஆனால் அடுத்தவன் இலக்கில். பால்மா போட்டிகளில் இன்றைக்கும் கண்ணாடி கூடாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930இல் பில் வீவர் 19 டாலருக்கு ஒரு ஸ்கோப் விற்று, அதைச் சாமானியன் கைக்குக் கொண்டு வந்தார். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்ற உக்ரைனியர், லென்ஸ்மேல் பூசும் மெல்லிய படலத்தைக் கண்டுபிடித்தார். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. அந்தப் பூச்சைப் போர்வரை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

சரி, நண்பனின் கேள்விக்கு வருவோம். ஆயிரம் கெஜம் போவதற்குள், நூறு கெஜத்துக்குச் சரி செய்த சாதாரண .308 குண்டு சுமார் 30 அடி கீழே இறங்கிவிடும். அவ்வளவையும் திருகுமானியைச் சுற்றி ஈடுகட்ட வேண்டும். அந்த அளவுக்கு ஸ்கோப்பில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. போதாவிட்டால் 20 எம்.ஓ.ஏ சாய்வு வைத்த தாங்கி போட்டுக்கொள்ளலாம்.

உருப்பெருக்கம் அதற்கப்புறம். வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் எழும், 50 மடங்கில் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். கைதேர்ந்தவர்கள் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிப்பார்கள். பேரலாக்ஸ் திருகும் அவசியம் வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து டிரைவரின் வேகமானியைப் பார்த்தால் முள் வேறு எண்ணைக் காட்டுமே, அதே சங்கதி. பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழாவிட்டால், தலை அசைய அசையக் குறியும் அசையும். கேஸ்காயினின் சிலந்தி தற்செயலாகச் சரியான இடத்தில் இழை கட்டியது. நாம் திருகித்தான் கட்ட வேண்டும்.

ஆனால் காசு கொடுக்க வேண்டிய இடம் வேறு. பழைய மால்கம், உனெர்ட்ல் ஸ்கோப்களில் நகர்த்தும் வேலை முழுக்க வெளியே, தாங்கியில் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் குழல் முன்னால் நழுவும், சுடுகிறவர் கையால் பின்னுக்கு இழுத்து விட்டுக்கொள்வார். இப்போது எல்லாம் உள்ளே. ஒரு சின்னக் குழலை ஸ்பிரிங் தாங்க, திருகு தள்ளுகிறது. பத்துக் கிளிக் போய்ப் பத்துக் கிளிக் திரும்பினால் அது புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். நல்ல ஸ்கோப்புக்கும் பகட்டான ஸ்கோப்புக்கும் வித்தியாசம் இங்கேதான். பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் சிலர் இதை நம்பாமல், உள் சரக்கை அசையாதபடி இறுக்கிவிட்டு வெளித் தாங்கிக்கே திரும்பிப் போனார்கள்.

நண்பன் சேரப்போகும் எஃப் கிளாஸ் பிரிவு, கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் பெயரில் வந்தது. வயதாகி, வார்ப்பட்டை மாட்டிப் படுத்து உலோகக் குறி பார்க்க உடம்பு ஒத்துழைக்காதபோது, முட்டும் ஸ்கோப்பும் வைத்தாவது சுடலாமே என்று கேட்டவர். அந்த இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10 அங்குலம். நடுவிலிருந்து 5 அங்குலம், பெர்டனின் அதே கணக்கு, ஐந்து மடங்கு தூரத்தில்.

ஒரு சோதனை மட்டும் செய்யச் சொன்னேன். நூறு கெஜத்தில் உயரமான தாளை நிறுத்து. கொத்தனார் மாதிரி தூக்குக்குண்டு கட்டி நேர்கோடு போடு. கீழே ஒன்று சுட்டுவிட்டு 30 எம்.ஓ.ஏ ஏற்றிச் சுடு, 31.4 அங்குலம் மேலே விழ வேண்டும். மறுபடி இறக்கி, முதல் ஓட்டையிலேயே விழுகிறதா பார். அவன் செய்துவிட்டு, 31 அங்குலம்தான் வருகிறது என்றான், குரலில் சுரத்தே இல்லை. அந்த வித்தியாசம் ஆயிரம் கெஜத்தில் நாலரை அங்குலம் ஆகிவிடும், வளையத்தின் விளிம்புவரை.

"எத்தனை தடவை பார்த்தே?"

"அஞ்சு. அஞ்சு தடவையும் 31தான்."

"கீழே வந்தப்போ?"

"அதே ஓட்டை."

அப்படியானால் அதையே வைத்துக்கொள், நோட்டுப் புத்தகத்தில் திருத்தத்தை எழுதிவிடு என்றேன்.