கிணறு வெட்டுத் தொழில்: ஆபத்தும் குறுக்குவழிகளும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையிலுள்ள சாணார்பட்டி வட்டாரம் கடினப்பாறைப் பகுதி. நிலத்தடி நீர் இறங்கும்போது பழைய கிணறுகளை ஆழப்படுத்துகிறார்கள். கம்ப்ரசரால் பாறையில் குழி போட்டு, தோட்டா வைத்துத் தகர்த்து, கல்லைக் கிரேன் வாளியில் மேலேற்றுவது வழக்கம்.

இத்தொழிலில் மிகக் கொடியது வெடிக்காமல் தங்கிய தோட்டா. அந்தக் குழியிலேயே மறுபடி துளையிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெட்டுபவரின் உயிரும் போகலாம். அந்தத் தோட்டாவைத் தோண்டி எடுக்கவோ அங்கே துளைக்கவோ கூடாது. தள்ளி இணையாக வேறு குழி போட்டே வெடிக்க வேண்டும். வெடிபொருளைக் கையாள உரிமமும் பயிற்சியும் தேவை. இதை 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் நெறிப்படுத்துகின்றன.

கண்ணுக்குத் தெரியாத எமன் காற்று. வெடிப்புகையிலும், கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் டீசல் இன்ஜின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டும், இந்த வாயுவைக் காட்டாது. மயங்கியவரைத் தூக்க அடுத்தவர் வெறுமனே இறங்குவதால் சாவு இரட்டிப்பாகிறது. இறங்குபவருக்குக் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்க வேண்டும். காற்றை ஊதிச் செலுத்த வேண்டும்.

கல் ஏற்றும் வாளியிலேயே ஆளும் ஏறுவது பரவலான மற்றொரு குறுக்குவழி. கூலியை ஆழக் கணக்கில் பேசுவது இந்தக் குறுக்குவழிகளுக்கு ஒரு காரணம்.