முள்ளிலிருந்து விளக்குக்கு

கார்களின் டாஷ்போர்டில் எரியும் சிறு விளக்குகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்ககாலக் கார்களில் அங்கே இருந்தவை முட்கள். ஆயிலின் அழுத்தம், தண்ணீரின் சூடு, பேட்டரிக்குச் செல்லும் மின்சாரம் ஆகியவற்றை அவை காட்டின. முள் வழக்கமான இடத்தைவிட்டுச் சற்றே இறங்கினாலும், பழகிய ஓட்டுநர் வரவிருக்கும் கேட்டை ஊகித்துக்கொள்வார். 1930களின் நடுவில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயிலுக்கும் மின்னேற்றத்துக்கும் முட்களை விடுத்து விளக்குகளைப் பொருத்தியது. முள்ளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவற்றை 'முட்டாள் விளக்கு' என்று பொருள்படும் பெயரிட்டு எள்ளினர்.

அந்த எள்ளலில் நியாயம் இல்லாமல் இல்லை. முள் படிப்படியான சரிவைக் காட்டும். விளக்கோ அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே எரியும். ஆகவே ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால், காலம் ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்ற நினைப்பில் என்ஜினையே இழக்க நேரிடும்.

அறிவு இவ்வாறு மனிதரிடமிருந்து கருவிக்குப் பெயர்வது காஞ்சிபுரத்துக்குப் புதிதன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சில் உருவான ஜக்கார்டு பெட்டி நம் பட்டுத் தறிகளின் மீதும் ஏறியபோது, எந்த இழை எப்போது எழ வேண்டும் என்னும் நினைவு துளையிட்ட அட்டைகளுக்குச் சென்றது. ஆயினும் அட்டையில் பிழை நேர்ந்தால், சேலையில் அதைக் கண்டுகொள்வது இன்றும் நெசவாளரின் கண்ணே.

கார்களில் அட்டையின் இடத்தைக் கணினி பிடித்தது. புகை மாசைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, காரே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கலிஃபோர்னியா 1988 மாடல் முதல் கட்டாயமாக்கியது. அதன் விரிந்த வடிவம் 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் விதியாயிற்று. காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ உருவாகத் தொடங்கியபோது, அதன் பெட்ரோல் அளவைத் தீர்மானித்தது மின்னணுக் கட்டுப்பாடு. 2010 ஏப்ரலில் பாரத் நிலை 4 விதிகளோடு 'ஓ.பி.டி.' என்னும் தற்சோதனை முறை இந்தியாவுக்கு வந்தது. 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் தொடர்ந்தது. என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு நம் சாலைகளில் பரவலானது இவ்வாறுதான்.

சொற்களின்றிப் பேசும் இவ்விளக்குகளின் இலக்கணம் நிறத்தில் இருக்கிறது. பச்சையும் நீலமும் வெறும் செய்திகள். மஞ்சள், விரைவில் மெக்கானிக்கிடம் போகச் சொல்கிறது; ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் துணை மட்டும் இராது. என்ஜின் விளக்கு நிலையாக எரிவது ஒன்று, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று அங்குள்ள மாசு நீக்கியைச் சுட்டழிக்கக்கூடும். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துவதே முறை. ஆயில், சூடு ஆகியவற்றுக்கான சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. பிரேக் விளக்கு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பின்னும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அக்காரை ஓட்டலாகாது.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைவதை நாம் பொருட்படுத்துவதில்லை. விளக்குகள் உயிரோடு இருப்பதற்கு அதுவே சான்று. பழைய கார் வாங்குவோர் இதைத்தான் முதலில் நோக்க வேண்டும். அப்போதும் எரியாத விளக்கு பழுதானதாகவோ, வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டதாகவோ இருக்கலாம். முள்ளைப் படிக்கும் திறன் நம்மிடமிருந்து போய்விட்டது. எஞ்சியிருப்பது விளக்கைப் படிக்கும் திறன் ஒன்றே; அதையும் இழந்தால், எள்ளலாகப் பிறந்த அந்தப் பழைய பெயர் நமக்கே பொருந்திவிடும்.