பழைய ராக்கெட்டின் கணக்கு

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம்புது ராக்கெட் ஏரியான் 5-க்கு அதுதான் முதல் பயணம். உள்ளே பூமியின் காந்தப்புலத்தை ஆராயப் போகும் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். கிளம்பி 40 விநாடிகூட ஆகல. ராக்கெட் திசை மாறி, உடைந்து, வெடிச்சுச் சிதறிடுச்சு.

கோட் எழுதினவங்க சொதப்பிட்டாங்கன்னுதான் நமக்கு முதல்ல தோணும். ஆனா கணிதவியலாளர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே கொடுத்த அறிக்கையைப் படிச்சா, கதை வேற.

ராக்கெட் எப்படிச் சாய்ந்திருக்கு, என்ன வேகத்தில் போகுதுன்னு சொல்லும் கருவியின் மென்பொருள், பெரும்பாலும் ஏரியான் 4-ல் இருந்ததுதான். நல்லா ஓடிட்டிருக்கு, ஏன் கை வைக்கணும்? நியாயமான யோசனைதான். அதில் ஒரு பகுதி, புறப்படும் முன் கருவியைச் சரியாக நிலைப்படுத்துவதற்கானது. ஆனா புறப்பட்ட பிறகும் சுமார் 40 விநாடி ஓடும். கவுண்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்னா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டாமேன்னு பழைய ராக்கெட்டுக்காகச் செய்த ஏற்பாடு. ஏரியான் 5-க்கு அது தேவையே இல்லை.

அந்தப் பகுதி, கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கும். அதிகபட்சம் 32,767. ஏரியான் 4 அந்த எல்லையைத் தொடாது. அதனால, கணினிக்குச் சுமை கூடக் கூடாதுன்னு அந்த இடத்தில் பாதுகாப்புச் சோதனையை விட்டிருந்தாங்க. ஏரியான் 5-ல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். எண் எல்லையைத் தாண்டியது, கருவி நின்னுபோச்சு. மாற்றுக் கருவி? அதிலும் அதே மென்பொருள். அது 72 மில்லிவிநாடி முன்னாடியே படுத்துடுச்சு! நின்ன கருவி அனுப்பிய பிழைக் குறிப்பை உண்மையான பயணத் தகவல்னு நம்பி, பிரதான கணினி எஞ்சின் முனைகளை முழுசாத் திருப்பியது.

குழு சொன்னதில் எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்: கருவி என்ன செய்யணும்னு வகுத்த ஆவணத்தில் ஏரியான் 5-ன் பறக்கும் பாதையே இல்லை. அதை வெச்சு கருவியைச் சோதிக்கவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சரிதான். கேள்வித்தாள்தான் பழசு. விபத்துக்கு அப்புறம் அந்தப் பாதைத் தகவலைக் கொடுத்து தரையிலேயே ஓட்டிப் பார்த்தாங்க. அதே மாதிரி நின்னுபோச்சு.

கிளஸ்டர் செயற்கைக்கோள்களைத் திரும்பக் கட்டி, 2000-ல் பைக்கனூரிலிருந்து அனுப்பினாங்க. இந்த முறை சோயூஸ் ராக்கெட்டில்.