அயல்நாட்டுப் பாதையில் ஒரு 'வத்தை'

கொழும்பு மாநகரில் மாளிகாவத்தை, வெள்ளவத்தை என வழங்கும் இடப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'வத்தை' தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகும். மாளிகைத் தோட்டம் என்று பொருள்படும் மாளிகாவத்தையில் இன்று வீடுகளே நெருங்கி நிற்கின்றன. ஆயினும் இச்சிறு சொல் ஒரு காலத்தில் கடல் கடந்து சென்று, இங்கிலாந்தின் நாட்டுப்புறப் புகையிரத நிலையங்களிற் கொட்டை எழுத்தில் விளங்கிற்று.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறிற்று. சீனத் தேயிலையிற் பழகிய ஆங்கிலேயரின் நாவுக்கு இப்புதுச் சரக்கை அறிமுகஞ் செய்தல் வேண்டும். இலண்டன் வணிகரான டென்ஷம் குடும்பத்தார் அதற்கென ஒரு பெயரை ஆக்கினர். இன்பத்தைக் குறிக்கும் இந்துத்தானிச் சொல்லாகிய 'மஸா'வையும் நம் 'வத்தை'யையும் இணைத்து, 1887இல் 'மஸாவத்தி' எனப் பதிவு செய்தனர். அப்பெயர் தாங்கிய எனாமல் தகடுகள் நாடெங்கும் புகையிரத நிலையங்களிலும் கடைச் சுவர்களிலும் ஏறின. மழைக்கும் புகைக்கும் மங்காத தகடுகள் அவை. வண்டி நின்ற இடமெல்லாம் பயணியின் கண்ணில் அவையே பட்டன.

புகையிரதப் பாதையோர வயல்களிலுங்கூட அக்காலத்தில் மாத்திரை வணிகர் முதலியோர் பலகைகளை நாட்டினர். பசும்புல் வெளியில் மருந்துப் பெயரைக் கண்டு சினந்தோர் 1893இல் ஒரு சங்கங் கூட்டினர். 1907இல் இயற்றப்பட்ட சட்டம், இயற்கை வனப்பைக் கெடுக்கும் விளம்பரங்களைத் தடுக்கும் துணைவிதிகளை ஆக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. காட்சியின் அழகுக்காக வழக்காட ஆள் இருந்தனர் என்பது பாராட்டற்குரியதே.

மஸாவத்தி விளம்பரங்களுள் பெரும்புகழ் பெற்ற படத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்த மூதாட்டியும் அவள் பேர்த்தியும் தேநீர்க் கிண்ணத்துடன் வீற்றிருப்பர். தோட்டத்தின் பெயர் உண்டு, தோட்டத்தார் இல்லை. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின்னே வந்து கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே இடமேது? வேறு சில வணிகர் அவளைக் கூடையோடு வரைந்ததுண்டு. அங்கும் அவள் பெயரற்ற அலங்காரமே. தோட்டத்தின் பெயரை இலண்டனில் எளிதிற் பதிந்து கொண்டனர். அத்தோட்டத்திற் பிறந்தோரிற் பெரும்பாலாரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

தவர் ஹில்லில் இருந்த அந்நிறுவனத்தின் கட்டடம் இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. பின்னர் அப்பெயரும் சந்தையினின்று மறைந்தது. ஆனால் இரும்புத் தகடுகள் அழியவில்லை. பழம்புகைவண்டிகளை இன்றும் ஓட்டிக் காட்டும் ஆங்கில நாட்டுப்புற நிலையங்கள் சிலவற்றில் அவை மீண்டும் மாட்டப்பட்டுள்ளன. மாளிகாவத்தையிலிருந்து அங்கே செல்பவர் தம் ஊர்ப்பெயரின் பிற்பாதியை அவற்றில் வாசிக்கலாம்.